டெசிக்னேஷன் மட்டும் "பிரின்சிபல் இன்ஜினியர்", கிரேடும் சம்பளமும் அதே இடத்தில். கையெழுத்துப் போடலாமா?

சோழிங்கநல்லூர்_டிபிஏ

நண்பர்களே, கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆரக்கிள் டேட்டாபேஸ் அட்மினாகப் பதினாறு வருட அனுபவம், அதில் பாதிக்கு மேல் இப்போது இருக்கும் சர்வீஸ் கம்பெனியில்தான் (பெயர் வேண்டாம்). இந்த வருட அப்ரைசலில் ரேட்டிங் நன்றாகவே வந்தது. மேனேஜர் கூப்பிட்டு "பிரின்சிபல் இன்ஜினியர் ஆகிவிட்டீர்கள், வாழ்த்துகள்" என்றார். கடிதத்தைத் திறந்து பார்த்தால் கிரேடு (சம்பள நிலை) பழையதேதான், இன்கிரிமென்ட் டீமில் எல்லோருக்கும் வந்த அதே சதவீதம். டெசிக்னேஷன் வரி மாறியிருக்கிறது, கூடவே பொறுப்புகள் என்று ஒரு இணைப்பு: நான்கு பேரை வழிநடத்துவது, ஆள் எடுக்கும் இன்டர்வியூ, மாதாந்திர கிளையண்ட் ரிவ்யூ. இதெல்லாம் இதுவரை என் வேலையில் இல்லாதவை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சமீபத்தில் வெளியிலிருந்து ஏழு வருட அனுபவத்தோடு ஒருவர் சேர்ந்தார். நல்ல பையன், அவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆனால் அவர் சம்பளம் என்னுடையதைவிட அதிகம் என்று அவரே பேச்சுவாக்கில் சொன்னார். போன மாதம் ஒரு ராத்திரி ஆர்க்கைவ் லாக் (டேட்டாபேஸில் நடந்த மாற்றங்களின் பதிவு) போகும் டிஸ்க் நிரம்பி புரொடக்‌ஷன் டேட்டாபேஸ் அப்படியே நின்றுவிட்டது, எந்த டிரான்ஸாக்‌ஷனும் கமிட் ஆகவில்லை, அன்று ஆன்-கால் பொறுப்பு (ராத்திரி அவசர அழைப்பு வந்தால் எடுப்பது) அவருடையதுதான். அவர் போன் செய்தது எனக்கு. பேக்கப் ஆன லாக்குகளை மட்டும் ஆர்மேன் என்ற பேக்கப் கருவி வழியாக அழிக்கச் சொல்லி, ஸ்டாண்ட்பை என்ற மாற்று டேட்டாபேஸுக்கு இன்னும் போய்ச் சேராத லாக்குகளைத் தொடக் கூடாது என்று வரிசை எண் பார்த்துச் சொல்லி, விடியும்வரை லைனிலேயே இருந்தேன். ஆன்-கால் அலவன்ஸ் அவருக்கு.

நியாயம் கேட்க நினைக்கிறேன். எந்தப் பிடியை வைத்துக் கேட்பது என்றுதான் தெரியவில்லை. இந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடலாமா?

மெயின்பிரேம்_மனிதன்

போடுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வியை மெயிலில் கேளுங்கள்: "இந்த டெசிக்னேஷன் எந்த கிரேடுக்கு உரியது?" வாய்வார்த்தையாகக் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவார்கள். சர்வீஸ் கம்பெனிகளில் பெயர் வேறு, கிரேடு வேறு. மெடிக்கல் இன்ஷூரன்ஸ் வரம்பு, வேரியபிள் பே சதவீதம், சம்பள உச்சவரம்பு என்று எல்லாமே கிரேடோடு கட்டியவை. விசிட்டிங் கார்டில் போடும் பெயரோடு எதுவும் கட்டியிருக்காது. அமெரிக்க, ஐரோப்பிய வங்கிகளின் சென்னை மையங்களுக்குப் போய்ப் பாருங்கள், பத்துப் பன்னிரண்டு வருட அனுபவத்தில் வைஸ் பிரசிடென்ட் என்று பெயர் இருக்கும், அவருக்குக் கீழே ஒரு ஆள்கூட இருக்க மாட்டார்.

அப்புறம், பேசிக்கை, அதாவது அடிப்படைச் சம்பளத்தைப் பாருங்கள். சி.டி.சி. (கம்பெனி உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு) எவ்வளவு என்று பார்ப்பதைவிட இது முக்கியம். கிராஜுவிட்டி (பணிக்கொடை) கணக்கு கடைசியாக வாங்கிய சம்பளம் பெருக்கல் 15, வகுத்தல் 26, பெருக்கல் சர்வீஸ் வருடங்கள். சம்பளம் என்றால் பழக்கத்தில் பேசிக்கும் டி.ஏ.வும்தான், நம் ஊர் ஐ.டி.யில் டி.ஏ. கிடையாது, ஆகவே பேசிக் மட்டும். ஒரு பேச்சுக்கு, ஒரே கம்பெனியில் 16 வருடம் இருந்தவருக்கு மாத பேசிக் 40,000 என்றால் கிராஜுவிட்டி சுமார் 3,69,000 வரும். அதே ஆளுக்கு பேசிக் 60,000 என்றால் சுமார் 5,54,000. சி.டி.சி. இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம்! ஸ்பெஷல் அலவன்ஸ், ஃப்ளெக்ஸி என்று பிரித்துப் போடுவதில் போகும் பணம் இது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்துவிட்டன, அதில் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியும் சம்பளமாகவே கணக்கில் வரும் என்று இருக்கிறது. ஆகவே உங்கள் கம்பெனி சம்பளப் பிரிவை எப்படி மாற்றப் போகிறது என்பதையும் இதே மெயிலில் கேட்டுவிடுங்கள்.

டெலிவரி_பக்கம்

நான் மேனேஜர் பக்கம் இருப்பவன், திட்டுவதற்கு முன் கேளுங்கள். சர்வீஸ் கம்பெனியில் பணம் எங்கிருந்து வருகிறது? கிளையண்டோடு ஒப்பந்தம் போடும்போதே ரேட் கார்டு முடிவாகிவிடும், ஜூனியருக்கு மணிக்கு இவ்வளவு, சீனியருக்கு இவ்வளவு, ஆர்க்கிடெக்டுக்கு இவ்வளவு என்று. ஒப்பந்தம் முடியும்வரை அது பெரிதாக ஏறாது, ஆனால் ஆட்களின் சம்பளம் வருடா வருடம் ஏறும். அதனால்தான் அடியில் ஃப்ரெஷர்களை நிறையப் போட்டு, மேலே ஆட்களைக் குறைத்து வைக்கச் சொல்கிறார்கள். 15 வருடத்துக்கு மேற்பட்ட தொழில்நுட்ப ஆள் ஒருவரின் சம்பளத்தில் நான்கு ஃப்ரெஷர் வந்துவிடுவார்கள், ஏனென்றால் பெரிய கம்பெனிகளில் ஃப்ரெஷர் சம்பளம் பத்துப் பதினைந்து வருடமாக மூன்று, மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. என் கையில் இருக்கும் இன்கிரிமென்ட் பட்ஜெட் மேலிருந்து வருகிறது. நல்ல ஆளை இழக்க மனமில்லாமல், பணம் கொடுக்க முடியாத இடத்தில் டைட்டில் கொடுக்கிறோம். அதில் கெட்ட எண்ணம் கிடையாது.

சோழிங்கநல்லூர்_டிபிஏ

டெலிவரி_பக்கம் சார், மறைக்காமல் சொன்னதற்கு நன்றி. ஆனால் நீங்கள் சொன்ன ரேட் கார்டையே எடுத்துக்கொள்வோம். அடுத்த காலாண்டுக்கான ஒப்பந்த வரைவில் என் பெயருக்கு நேராக "பிரின்சிபல்" என்று இருக்கிறது, ரிவ்யூ காலில் ஸ்கிரீன் ஷேர் செய்தபோது எல்லோரும் பார்த்தோம். அதாவது கிளையண்டுக்கு என் மணிக்கட்டணம் ஏறப் போகிறது. கம்பெனிக்கு என் பெயரில் கூடுதல் வருமானம் வரும்போது எனக்கு வருவது பெயர் மட்டும் என்றால் அதை எப்படி ஏற்றுக்கொள்வது? பட்ஜெட் இல்லை என்ற பதில் இங்கே செல்லாது.

டெலிவரி_பக்கம்

பில்லிங் ஏறுகிறது என்றால் நீங்கள் கேட்பது நியாயம்தான், அதில் நான் வாதாட மாட்டேன். அப்ரைசல் பட்ஜெட்டும் பிராஜெக்ட் மார்ஜினும் (லாபமும்) வேறு வேறு ஆட்களின் கையில் இருக்கும். எச்.ஆரிடம் கேட்டு இழுத்தடிப்பதைவிட உங்கள் அக்கவுண்ட் ஹெட்டிடம் கேளுங்கள், மார்ஜின் கணக்கு அவரிடம்தான். ஆண்டு சுழற்சிக்கு வெளியே சம்பளத்தைத் திருத்தும் வழி எல்லாப் பெரிய கம்பெனியிலும் உண்டு, அதற்கு ஒப்புதல் வாங்கித் தருவதும் அவரைப் போன்றவர்கள்தான். பேச்சில் "பில்லிங்" என்ற வார்த்தை வரட்டும். கிளையண்டிடம் மட்டும் இதைப் பற்றி வாய் திறக்காதீர்கள், அதை வைத்தே உங்கள் மேல் நடவடிக்கை எடுத்துவிடுவார்கள்.

மனிதவளம்_உள்ளிருந்து

எச்.ஆரில் காம்பென்சேஷன் வேலை பார்க்கிறேன். புதிதாக வந்தவருக்கு ஏன் அதிகம் என்பதை யாரும் விளக்கவில்லை, நான் சொல்கிறேன். ஒவ்வொரு கிரேடுக்கும் ஒரு கீழ் எல்லை, ஒரு நடுப்புள்ளி, ஒரு மேல் எல்லை உண்டு. உள்ளேயே வளர்ந்தவர் கீழ் எல்லையைத் தொட்டுக்கொண்டுதான் அடுத்த கிரேடுக்குள் நுழைவார், அங்கிருந்து சதவீதக் கணக்கில் நகர்வார். வெளியிலிருந்து வருபவருக்குப் பழைய சம்பளத்தின் மேல் 30 சதவீதம் என்ற மாதிரி பேசி முடிப்பதால் அவர் நடுப்புள்ளிக்கு மேலேயே உட்கார்ந்துவிடுவார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 12 லட்சம் வாங்கும் இருவர். ஒருவர் அங்கேயே இருந்து வருடம் 6 சதவீதம் என்று ஐந்து வருடம் வாங்கினால் 16 லட்சத்தைச் சற்றுத் தாண்டுவார். இன்னொருவர் அதே ஐந்து வருடத்தில் 30 சதவீதம் வீதம் இரண்டு முறை கம்பெனி மாறினால், நடுவில் ஒரு இன்கிரிமென்ட்கூட இல்லாமலே 20 லட்சத்தைத் தாண்டிவிடுவார். வேலையில் யார் கெட்டி என்ற கேள்வி இந்தக் கணக்கில் வரவே இல்லை.

இதைக் கம்பெனிகள் அறியும். ஒவ்வொரு கிரேடிலும் நடுப்புள்ளியோடு ஒப்பிட்டு யார் எங்கே நிற்கிறார் என்ற ஷீட் எங்களிடம் இருக்கிறது. "என் கிரேடின் நடுப்புள்ளிக்கு நான் எவ்வளவு கீழே இருக்கிறேன்?" என்று கேட்டால் எண்ணைச் சொல்ல மாட்டார்கள், ஆனால் கேட்பவருக்கு இந்த ஷீட் பற்றித் தெரியும் என்பது புரிந்துவிடும். இன்னார் இவ்வளவு வாங்குகிறார் என்று சக ஊழியரை இழுக்காதீர்கள். அவருக்கும் கெடுதல், உங்கள் பேச்சும் உடனே வேறு பக்கம் திரும்பிவிடும்.

கோவை_டெஸ்டர்

மேடமோ சாரோ தெரியவில்லை, மேலே எழுதிய எச்.ஆர். நண்பருக்கு ஒரு கேள்வி. பழைய சம்பளத்தின் மேல் சதவீதம் என்கிறீர்களே, பழைய சம்பளமே இல்லாதவர்கள் என்ன செய்வது? நான் பத்து வருடம் டெஸ்டிங்கில் இருந்து, குழந்தைக்காக மூன்று வருடம் வேலையை விட்டுத் திரும்பி வந்தவள். ஆட்டோமேஷன் டெஸ்ட் எடுத்தார்கள், பாஸ் செய்தேன், டெக்னிக்கல் ரவுண்டில் எடுத்தவரே "நீங்கள் லீட் லெவல்" என்றார். எச்.ஆர். ரவுண்டில் மூன்று வருடத்துக்கு முந்தைய பே ஸ்லிப்பைக் கேட்டு அதன் மேல் கொஞ்சம் போட்டு முடித்துவிட்டார்கள். பெயர் "டெஸ்ட் லீட்", சம்பளம் சீனியர் டெஸ்டருக்கும் கீழே. வேலையிலோ சலுகை எதுவும் கிடையாது, ரிலீஸ் நாளில் சைன்-ஆஃப் (வெளியிடலாம் என்ற ஒப்புதல்) என் பெயரில்தான் போகிறது, ஏதாவது தப்பிப் போனால் கோளாறின் காரணம் தேடும் ஆர்.சி.ஏ. கூட்டத்தில் பதில் சொல்வதும் நான்தான்.

பிரேக் எடுத்துத் திரும்பும் பெண்களுக்காக என்று தனித் திட்டமே வைத்திருக்கிறார்கள், விளம்பரத்தில் அழகாக இருக்கிறது. அதில் சேர்பவர்களை எந்த கிரேடில் வைக்கிறார்கள் என்று யாராவது கேட்டிருக்கிறீர்களா?

மனிதவளம்_உள்ளிருந்து

கேட்க வேண்டிய கேள்விதான் சகோதரி, எங்கள் தரப்பில் இதற்கு நியாயமான பதில் கிடையாது. பழைய பே ஸ்லிப்பை வைத்துச் சம்பளம் போடுவது எங்களுக்கு எளிது என்பதைத் தவிர அதில் வேறு எந்த நியாயமும் இல்லை. உங்கள் விஷயத்தில் ஒரு வழி இருக்கிறது. டெக்னிக்கல் பேனல் எழுதிய மதிப்பீட்டில் "லீட்" என்று இருந்தால் அது சிஸ்டத்தில் பதிவாகியிருக்கும். "பேனல் பரிந்துரைத்த கிரேடு என்ன, எனக்குக் கொடுத்த கிரேடு என்ன" என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டும் வேறு என்றால் அதைத் திருத்த அடுத்த அப்ரைசல்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஸ்டட்கார்ட்_தமிழன்

இங்கே ஜெர்மனியில் ஒரு இயந்திரக் கம்பெனியில் சாஃப்ட்வேர் எழுதுகிறேன், எங்கள் துறையில் ஐ.ஜி. மெட்டல் என்ற தொழிற்சங்கம் போட்ட சம்பள ஒப்பந்தம் உண்டு. இந்த மாநிலத்தில் 17 சம்பளப் பிரிவுகள். எந்தப் பிரிவு என்பதை முடிவு செய்வது ஆள் யார் என்பதோ, அவர் பழைய கம்பெனியில் வாங்கியதோ கிடையாது. வேலையின் விவரத்தை எழுதி, அதற்கு எவ்வளவு அறிவு வேண்டும், எவ்வளவு சுயமாக முடிவெடுக்க வேண்டும், ஆட்களை வழிநடத்த வேண்டுமா என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டு முடிவு செய்கிறார்கள். ஆகவே என் விசிட்டிங் கார்டில் என்ன பெயர் இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை, நான் எந்தப் பிரிவில் இருக்கிறேன் என்பதுதான் பேச்சு. அந்தத் தொகை அட்டவணை இணையத்திலேயே கிடக்கிறது, என் பக்கத்துச் சீட்டுக்காரர் அடிப்படையாக என்ன வாங்குகிறார் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

குறையும் உண்டு. மேல் பிரிவுக்குப் போன பிறகு வேகமாக ஏற முடியாது, நன்றாக வேலை செய்பவருக்கும் சுமாராகச் செய்பவருக்கும் வித்தியாசம் குறைவு என்ற புலம்பலும் இங்கே உண்டு. ஆனால் சோழிங்கநல்லூர் அண்ணன் சொல்வது போலப் பொறுப்பை ஏற்றிவிட்டு சம்பளத்தை அப்படியே வைப்பது கஷ்டம், ஏனென்றால் வேலை விவரம் மாறினால் பிரிவை மறுபடி மதிப்பிடச் சொல்லிக் கேட்கலாம், ஊழியர் குழு கூடவே வந்து உட்காரும்.

கோவை சகோதரி சொன்னதற்கு: ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் சம்பள வெளிப்படைத்தன்மை பற்றி ஒரு சட்ட ஆணை போட்டது. அதன்படி வேலைக்கு எடுப்பவர் முந்தைய சம்பளம் என்ன என்று கேட்கவே கூடாது, சம்பள வரம்பையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். உறுப்பு நாடுகள் இதைத் தங்கள் சட்டத்தில் கொண்டுவரக் கெடு 2026 ஜூன் 7.

பொன்மலை_பட்டறை

ரயில்வே பட்டறை ஆள் ஒருவன் இங்கே வந்து பேசலாமா? எங்கள் பக்கம் கதை தலைகீழ். டெக்னீஷியன் கிரேடு 3 என்றால் லெவல் 2, ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 19,900. கிரேடு 2 என்றால் 25,500, கிரேடு 1 என்றால் 29,200, சீனியர் டெக்னீஷியன் 35,400. பெயர் ஏறினால் லெவல் கூடவே ஏறியாக வேண்டும், பெயர் மட்டும் ஏறுவது என்ற பேச்சே கிடையாது. இடையில் டிரேட் டெஸ்ட் இருக்கும், கையில் வேலை தெரியாமல் தாண்ட முடியாது.

மேலே காலியிடம் இல்லை, பதவி உயர்வு வரவில்லை என்றால்? எம்.ஏ.சி.பி. என்று ஒன்று இருக்கிறது. 10, 20, 30 வருட சர்வீஸில் ஒவ்வொரு முறையும் சம்பள லெவல் ஒரு படி ஏறும். பெயர் பழைய பெயரேதான் இருக்கும். ஆக எங்களுக்குப் பெயர் மாறாமல் பணம் வருகிறது, உங்களுக்குப் பணம் மாறாமல் பெயர் வருகிறது. இதற்காக எங்கள் சங்கங்கள் எத்தனை வருடம் பேசின என்று பழைய ஆட்களைக் கேட்டால் தெரியும். தானாக வந்த சலுகை கிடையாது.

எங்கள் குறையும் சொல்கிறேன், மறைக்க மாட்டேன். வீல் லேத்தில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் அடிக்கும் ஆளும், வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும் ஆளும் ஒரே லெவலில் ஒரே சம்பளம்தான்.

ஒரகடம்_பி.எல்.சி

எல்லோரும் கிரேடு, பேண்ட் என்று பேசுகிறீர்கள், எங்களுக்கு அதுவும் கிடையாது அண்ணா. டிப்ளமோ ஈ.ஈ.ஈ. முடித்து ஒன்பது வருடமாக மெயின்டனன்ஸில் இருக்கிறேன், கான்ட்ராக்ட் வழியாகத்தான். கான்ட்ராக்டர் மூன்று முறை மாறிவிட்டார், ஆள் நான் ஒருவன்தான், நிற்கும் லைனும் அதே லைன்தான். ஒவ்வொரு முறையும் புது அப்பாயின்ட்மென்ட், புது ஐ.டி. கார்டு, சர்வீஸ் முதலிலிருந்து. கார்டில் "அசோசியேட்" என்று போட்டிருக்கிறது.

வேலை என்ன என்று கேட்டால், மோட்டாரை இயக்கும் சர்வோ டிரைவ் ஃபால்ட் காட்டி லைன் நின்றால் முதலில் கூப்பிடுவது என்னைத்தான். டிரைவ் ஃபால்ட் என்று திரையில் வரும், பாதி நேரம் டிரைவ் நன்றாகத்தான் இருக்கும், கேபிள் செயினுக்குள் ஓடி ஓடி, மோட்டாரின் நிலையைச் சொல்லும் என்கோடரின் கேபிள் உள்ளே நைந்திருக்கும். அதை மேனுவலில் படித்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. மெஷினை ஓட்டும் லேடர் லாஜிக் புரோகிராமில் எந்த இன்டர்லாக் (பாதுகாப்புத் தடை) எதற்காகப் போடப்பட்டது என்று இப்போது அங்கே தெரிந்தவன் நான் ஒருவன். கம்பெனி ரோலில் இருக்கும் இன்ஜினியர் புதிதாக வந்தால் மூன்று மாதம் என்னோடுதான் நிற்பார். அவர் வாங்குவதில் பாதிக்கும் கீழே நான் வாங்குகிறேன்.

இங்கே சட்டம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் என்பதெல்லாம் எங்களைப் போன்றவர்களுக்குப் பொருந்துமா?

லேபர்_கோர்ட்_வாசல்

தொழிலாளர் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞரிடம் ஜூனியராக இருக்கிறேன். இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரகடம் தம்பிக்கு. 1970-ம் வருட ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வந்த மத்திய விதிகளிலேயே, முதன்மை நிறுவனத்தின் நேரடி ஊழியர் செய்யும் அதே வேலையை, அல்லது அதைப் போன்ற வேலையை, ஒப்பந்தத் தொழிலாளி செய்தால் அதே சம்பளம், அதே விடுமுறை, அதே வேலை நேரம் என்று 25-வது விதியில் இருந்தது, அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2025 நவம்பரில் புதிய தொகுப்பு வந்துவிட்டது. அரசுத் துறைத் தற்காலிக ஊழியர்கள் விஷயத்தில் பஞ்சாப் மாநில அரசுக்கும் ஜக்ஜித் சிங்குக்கும் நடந்த வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்றம், ஒரே வேலை செய்பவருக்கு நிரந்தர ஊழியரின் சம்பள விகிதத்தில் குறைந்தபட்ச அளவையாவது கொடுக்க வேண்டும் என்றது. அது அரசுத் தரப்பைப் பற்றிய தீர்ப்பு, தனியார் ஆலைக்கு நேராகத் தூக்கிப் போட முடியாது, ஆனால் எப்படிப் பார்க்கிறார்கள் என்பது அதிலிருந்து தெரியும். நீங்கள் நிரூபிக்க வேண்டியது வேலை ஒன்றுதான் என்பதை. ஷிப்ட் ரெஜிஸ்டர், பிரேக்டவுன் ரிப்போர்ட்டில் உங்கள் கையெழுத்து, மூன்று கான்ட்ராக்டர்களின் அப்பாயின்ட்மென்ட், பி.எஃப். பாஸ்புக். உங்கள் யு.ஏ.என். (பி.எஃப்.புக்கான பொது எண்) ஒன்றாகவே இருந்தால் ஒன்பது வருடமும் அந்தப் பாஸ்புக்கிலேயே வரிசையாகத் தெரியும், அதை முதலில் டவுன்லோட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகாமல் உங்களைப் போல இருப்பவர்களைச் சேர்த்துக்கொண்டு லேபர் ஆபீசரிடம் மனு கொடுங்கள்.

அடுத்து சோழிங்கநல்லூர் சாருக்கு. உங்கள் கடிதத்தில் இருக்கும் ஆபத்து சம்பளத்தோடு முடியவில்லை. 1947-ம் வருடத் தொழில் தகராறு சட்டத்தைப் போலவே, 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் தொழிலாளி என்ற வரையறைக்குள் திறன் வேலை, தொழில்நுட்ப வேலை செய்பவர்கள் வருகிறார்கள், அதற்குச் சம்பள உச்சவரம்பு கிடையாது. மாதம் இரண்டு லட்சம் வாங்கினாலும் கையால் செய்யும் வேலை தொழில்நுட்ப வேலை என்றால் நீங்கள் தொழிலாளிதான். வெளியே வைக்கப்பட்டவர்கள் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களும், மேற்பார்வை வேலையில் குறிப்பிட்ட தொகைக்கு மேல் வாங்குபவர்களும். அந்தத் தொகை பழைய சட்டத்தின் 2010 திருத்தத்தில் 10,000 ஆனது, புதிய தொகுப்பில் 18,000. ஆக, நான்கு பேரை வழிநடத்துகிறேன், லீவு சாங்க்‌ஷன் செய்கிறேன், அப்ரைசல் போடுகிறேன் என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், நாளை ஆள்குறைப்பு என்று வரும்போது "இவர் தொழிலாளியே இல்லை, மேனேஜர்" என்று கம்பெனி அந்தக் காகிதத்தைத்தான் எடுத்து நீட்டும்.

நல்ல செய்தியும் இருக்கிறது. நீதிமன்றம் பெயரைப் பார்ப்பதில்லை, பிரதான வேலை என்ன என்று பார்க்கிறது. ஸ்டெனோவாகவும் கணக்கராகவும் சேர்ந்து பின்னால் அதிகாரி வரிசைக்கு உயர்த்தப்பட்ட ஒருவர் சீபா கெய்கி கம்பெனிக்கு எதிராக நடத்திய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1985-லேயே இதைச் சொல்லிவிட்டது, கொஞ்சம் மேற்பார்வை சேர்ந்திருந்தாலும் அடிப்படை வேலை என்னவோ அதுதான் கணக்கு என்று. நம் ஊரிலேயே, டி.சி.எஸ். 2015-ல் வேலையை விட்டு அனுப்பிய ஒருவரை மறுபடி சேர்த்துக்கொள்ளச் சொல்லி சென்னை தொழிலாளர் நீதிமன்றம் 2022-ல் உத்தரவிட்டது. அவர் மேனேஜர் வரிசை ஆள் என்று கம்பெனி வாதாடியது, அவர் செய்தது தொழில்நுட்ப வேலை என்று சொல்லி நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆனால் ஏழு வருடம் ஆனது என்பதையும் கவனியுங்கள். ஐ.டி.க்குத் தொழிலாளர் சட்டமே பொருந்தாது என்று இன்னும் சிலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள், ஐ.டி. ஊழியர்களும் சங்கம் வைக்கலாம் என்று தமிழக அரசு 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது.

சோழிங்கநல்லூர்_டிபிஏ

இந்தக் கோணத்தை நான் யோசிக்கவே இல்லை, மிக்க நன்றி. அப்படியானால் டைட்டிலை மறுத்துவிடுவது நல்லதா? வெளியில் வேலை தேடும்போது "பிரின்சிபல்" என்று ரெஸ்யூமில் இருந்தால் உதவும் என்றும் தோன்றுகிறது. இன்னொன்று, ஆதாரமாக நான் செய்த டிக்கெட், சேஞ்ச் ரெக்கார்டு எல்லாவற்றையும் என் சொந்த மெயிலுக்கு அனுப்பி வைத்துக்கொள்ளட்டுமா?

லேபர்_கோர்ட்_வாசல்

தயவுசெய்து அனுப்பாதீர்கள்! கிளையண்ட் தகவலை வெளியே எடுத்தார் என்று அதையே குற்றச்சாட்டாக்கி விடுவார்கள், உங்கள் நியாயம் அத்தனையும் அடிபட்டுப் போகும். உங்களுக்கு வந்த அப்ரைசல் கடிதம், சம்பளச் சீட்டு, பொறுப்புகள் இணைப்பு, இவை உங்களுடையவை, வைத்துக்கொள்ளலாம். தினமும் செய்த வேலையைச் சொந்த டைரியில் கிளையண்ட் பெயர் இல்லாமல் எழுதி வையுங்கள்.

மெயின்பிரேம்_மனிதன்

டைட்டிலை மறுக்க வேண்டாம். இன்னொரு கம்பெனியில் ரெஸ்யூமை வடிகட்டுபவர் பெயரைத்தான் முதலில் பார்க்கிறார், அது உண்மைதான். பொறுப்புகள் இணைப்பைத்தான் மாற்றச் சொல்ல வேண்டும். "தொழில்நுட்ப வழிகாட்டுதல்" என்று எழுதச் சொல்லுங்கள், "மேலாண்மை", "அப்ரைசல்" என்ற சொற்கள் வேண்டாம். எல்லாக் கம்பெனியும் தொழில்நுட்ப ஆட்களுக்குத் தனி ஏணி இருக்கிறது, மேனேஜர் ஆகாமலே மேலே போகலாம் என்று மேடை போட்டுப் பேசுகின்றன. அந்த ஏணியின் ஒவ்வொரு படியிலும் மேனேஜர் ஏணிக்குச் சமமான கிரேடு உண்டா, அதில் இப்போது எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று கேளுங்கள். நான் பார்த்த இடங்களில் மேல் இரண்டு படிகள் காலியாகவே கிடக்கும். நாற்பதைத் தாண்டிய, கோபோல் என்ற பழைய கணினி மொழியில் எழுதிய ஆட்கள் எத்தனை பேர் விருப்பமில்லாமல் மேனேஜர் ஆகி எக்செல் ஷீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள் தெரியுமா? அவர்கள் எழுதிய பேட்ச் ஜாப் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதைத் தொடத் தெரிந்தவர்கள் இல்லை. 2025 ஜூலையில் டி.சி.எஸ். 2 சதவீத ஆட்களைக் குறைக்கப் போவதாக அறிவித்தபோது இடைநிலை, மேல்நிலை ஆட்கள்தான் பெரும்பாலும் என்று சொன்னது. அப்படிப்பட்ட பட்டியல் போடும் நாளில் கையில் வேலை இருப்பவர் சொல்வதற்கு ஏதாவது இருக்கும். எக்செல் ஷீட்டுக்குப் போனவர் என்ன சொல்வார்?

டெலிவரி_பக்கம்

மேல் படிகள் காலி என்பது என் இடத்திலும் உண்மை. ஒருவரை அங்கே ஏற்ற நான் இரண்டு முறை பரிந்துரை அனுப்பியிருக்கிறேன், "பிசினஸ் இம்பாக்ட் என்ன" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ராத்திரி டேட்டாபேஸ் விழாமல் பார்த்துக்கொண்டவரின் இம்பாக்டை எந்தக் கட்டத்தில் எழுதுவது? விழாத டேட்டாபேஸுக்கு டிக்கெட்டே இருக்காது. இதற்கு வழி கண்டுபிடிக்க வேண்டியது எங்களைப் போன்றவர்கள்தான்.

சோழிங்கநல்லூர்_டிபிஏ

எல்லோர் கருத்தையும் எடுத்துக்கொண்டு ஒரு மெயில் எழுதி, எச்.ஆருக்கும் அக்கவுண்ட் ஹெட்டுக்கும் சேர்த்து இன்று அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று சுருக்கத்தைப் போடுகிறேன்:

"பிரின்சிபல் இன்ஜினியர் பதவிக்கு நன்றி. கையெழுத்திடும் முன் சில தெளிவுகள் தேவை. இந்தப் பதவி எந்த கிரேடுக்கு உரியது, என் கிரேடு எந்தத் தேதியிலிருந்து மாறும்? என் தற்போதைய சம்பளம் கிரேடின் நடுப்புள்ளியோடு ஒப்பிட்டால் எங்கே நிற்கிறது? ஒப்பந்த வரைவில் என் ரோல் உயர்ந்த பில்லிங் பிரிவில் வருவதால், ஆண்டு சுழற்சிக்கு வெளியே சம்பளத் திருத்தத்தைப் பரிசீலிக்கக் கேட்கிறேன். என் பிரதான வேலை தொழில்நுட்பப் பணி என்பதால், இணைப்பில் உள்ள மேலாண்மைப் பொறுப்புகளைத் தொழில்நுட்ப வழிகாட்டுதல் என்று திருத்தித் தரவும். ஆன்-கால் பணிக்கு வெளியே எடுக்கும் இரவு அழைப்புகளைப் பதிவு செய்யவும் அதற்குரிய அலவன்ஸ் வழங்கவும் வழிமுறை தேவை. புதிய சட்டத் தொகுப்பின்படி பேசிக் பிரிவில் வரும் மாற்றத்தையும் தெரிவிக்கவும்."

கோபமாக ஒரு வார்த்தைகூட இல்லை. எல்லாமே பதில் சொல்லக்கூடிய கேள்விகள்.

கோவை_டெஸ்டர்

அண்ணா, இதை அப்படியே எடுத்து டெஸ்ட் லீட் என்று மாற்றி, பேனல் பரிந்துரைத்த கிரேடு என்ன என்ற வரியையும் சேர்த்து நாளைக்கு நானும் அனுப்பப் போகிறேன். பில்லிங் பற்றி எனக்குத் தெரியாது, அந்த வரியை எடுத்துவிடுகிறேன். பேசிக் பற்றிய வரி கடைசியில் இருக்கிறதே, அதை முதலில் வைக்கலாமா?

மனிதவளம்_உள்ளிருந்து

கிரேடு பற்றிய வரிதான் முதலில் இருக்க வேண்டும், பேசிக் இரண்டாவது. கிரேடு திருந்தினால் பேசிக்கை நாங்களே மறுபடி கணக்கிட வேண்டியிருக்கும். மெயிலில் பதில் வேண்டிய தேதியையும் போடுங்கள், பத்து வேலை நாள் என்று. தேதி இல்லாத மெயில்கள் எங்கள் பக்கம் கிடப்பில்தான் கிடக்கும்.